துயரம் கேட்கத் தெரிந்தால் உளவளத்துணையாளர் ஆகிவிடலாமா?

திருகோணமலை மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். எட்டுப் பக்கக் கடிதம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. கலைப்பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தவர். குடும்ப நிலையால் பல்கலைக்கழகம் போகவில்லை. இப்போது முன்பள்ளி ஆசிரியை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தம்பியைப் பறிகொடுத்தார். அப்போது நலன்புரி முகாமுக்கு வந்த ஒரு பெண், எந்தக் கேள்வியும் கேட்காமல் தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாராம். “அந்த அக்கா மாதிரி நானும் ஒருநாள் இருக்கவேணும்” என்ற ஆசை அன்று முளைத்தது. பின்னர் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஐந்து நாள் உளசமூகப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார். ஊர்ப் பெண்கள் தங்கள் கவலைகளை இவரிடம்தான் வந்து சொல்கிறார்கள்.

இலண்டனில் இருக்கும் அண்ணன், இணையவழி ‘சர்வதேச மானிடவாத உளவளத்துணை டிப்ளோமா’ ஒன்றுக்குப் பணம் கட்டத் தயார் என்கிறார். பன்னிரண்டு வாரம். பதிவுசெய்த காணொளிகளைப் பார்த்துவிட்டு வினாக்களுக்கு விடை எழுதினால் போதும், எந்த நாட்டிலும் தொழில் செய்யலாம் என்கிறது விளம்பரம். கணவருக்கு இதில் விருப்பமில்லை. “ஊர்க்கவலை எல்லாம் எங்கட வீட்டுக்குள்ள வந்திடும்” என்கிறார். சகோதரியின் கேள்விகள் நான்கு: இந்தப் படிப்புப் போதுமா? உளவியல் பட்டம் கட்டாயமா? ஆலோசனை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த முறை நம் சனத்துக்குச் சரிவருமா? வீட்டு முன்னறையில் பலகை போட்டுக் கட்டணம் வாங்கலாமா?

கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. அயலில் உள்ள ஒரு பெண் போன கிழமை வந்து, “கண்ணை மூடினா நிம்மதி” என்று சொல்லி அழுதிருக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை என்று அம்மன்மேல் சத்தியம் செய்துகொடுத்திருக்கிறார் இவர்.

முதலில் அந்த அயல்வீட்டுப் பெண்

சகோதரி, உங்கள் நான்கு கேள்விகளையும்விட அந்த ஒரு வரி அவசரமானது. இதைப் படித்ததும் அவரிடம் போங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு நேராகவே கேளுங்கள்: “அக்கா, சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. பல மாதங்களாகத் தொண்டைக்குள் கிடந்ததை ஒருவர் வாய்விட்டுக் கேட்டதே பெரும்பாலானவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியே விடவேண்டாம்.

வீட்டில் பூச்சிமருந்து, அளவுக்கு மிஞ்சிய மாத்திரைகள் இருந்தால் நம்பிக்கையான ஒருவர் மூலம் அப்புறப்படுத்துங்கள். இது சின்ன வேலையாகத் தோன்றலாம். 1995-ல் இலங்கையில் இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கொடிய பூச்சிமருந்துகள் ஒன்றொன்றாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அந்த விகிதம் பெருமளவு இறங்கியது. அந்த ஒரு வேளையில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிவிடும்.

சத்தியத்தை என்ன செய்வது? உடைக்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் வைத்து உடைக்காதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்டைக்கு ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் செய்தன். உங்கட உயிர் எனக்கு அந்தச் சத்தியத்தைவிடப் பெரிசு. நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தே ஒருத்தரிட்டப் போவம்.” திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போகலாம். இரவானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம், 24 மணிநேரமும் ஆள் இருப்பார்கள். பொலிஸ், வழக்கு என்று அவர் பயந்தால் ஒன்றைச் சொல்லுங்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமல்ல.

உங்களுக்குப் பயிற்சி தேவை என்பதை வேறு எதையும்விட இந்தச் சம்பவமே காட்டுகிறது. குறை சொல்வதாக எடுக்காதீர்கள். ஒருவர் அழுதுகொண்டு கையைப் பிடித்தால் சத்தியம் செய்துகொடுக்கத்தான் மனம் வரும். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருபோதும் நிபந்தனையில்லாத இரகசியம் தருவதில்லை. முதல் சந்திப்பிலேயே, வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே, எல்லையைச் சொல்லிவிடுவார்: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறதென்றால், நீதிமன்றம் கட்டளையிட்டால் நான் பேசவேண்டி வரும். நம் நாட்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுக்குக் கொடுக்கும் பாதுகாப்பை உளவளத்துணையாளருக்குக் கொடுக்கவில்லை. அதனால் ‘நான் செத்தாலும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்க நமக்கு உரிமையே இல்லை.

கேட்கும் மனம் உங்களிடம் இருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும்?

நீங்கள் படிக்க விரும்பும் மானிடவாத அணுகுமுறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் (1902–1987). துணைநாடி வருபவருக்குள்ளேயே தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் இருக்கிறது, அது வெளிப்படுவதற்கு ஏற்ற உறவைக் கொடுப்பதுதான் நம் வேலை என்பது அவருடைய அடிப்படை. அந்த உறவுக்கு மூன்று பண்புகள் வேண்டும் என்பார்: மற்றவர் உலகத்தை அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளொன்று புறமொன்று இல்லாத உண்மைத்தன்மை. வாசிக்கும்போது, “இது எனக்கு ஏற்கெனவே இருக்கிறதே” என்று தோன்றும். பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் தோன்றுவதுதான்.

உளவளத்துணைப் பயிற்சி வகுப்பில் நாங்கள் மாணவர்களை மூன்று மூன்று பேராக உட்கார வைப்போம். ஒருவர் பேசுபவர், ஒருவர் துணையாளர், மூன்றாமவர் வாயே திறக்காமல் கவனித்து எழுதுபவர். பேசுபவர் சொல்கிறார்: “தங்கச்சி போனதுக்குப் பிறகு நான் கடற்கரைப் பக்கமே போறதில்லை.” துணையாளராக இருப்பவர் நல்ல மனம் கொண்டவர். உடனே வாயில் வருவது, “கவலைப்படாதீங்க, கடவுள் இருக்கிறார்.” இல்லாவிட்டால், “ஏன் போறதில்லை?” இல்லாவிட்டால், “ஒருக்காப் போய்ப் பாருங்கோ, பயம் தெளிஞ்சிடும்.” அதுவும் இல்லாவிட்டால், “எனக்கும் அப்பிடித்தான், என்ர மாமா போனபோது…” முதலாவது வாயை அடைக்கிறது. இரண்டாவது விசாரணை போல் இருக்கிறது. மூன்றாவது புத்திமதி. நாலாவது பேச்சைத் துணையாளர் பக்கமே திருப்பிவிடுகிறது. நாலும் அன்பிலிருந்து வருபவைதான். நாலுக்குப் பிறகும் பேசுபவர் அடுத்த வசனத்தைச் சொல்லவில்லை.

பல வாரம் பழகிய பிறகு ஒருவர் மெதுவாக இப்படிச் சொல்வார்: “கடலைப் பாக்கிறதே ஏலாமப் போச்சு.” அவ்வளவுதான். பேசுபவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடலில கோவம் இல்லை. அண்டைக்கு நான்தான் அவளை அங்க அனுப்பினனான்” என்கிறார். இவ்வளவு காலமும் சொல்லாத வசனம் அது. மூன்றாமவர் தன் குறிப்பைப் பார்த்து, “இந்த இடத்தில் நீங்கள் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தீர்கள், அப்போது உங்களுக்குள் என்ன நடந்தது?” என்று துணையாளரைக் கேட்பார். படிப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒலிநாடா பரவலாவதற்கு முன்பே, 1940களின் தொடக்கத்தில், ரொஜர்ஸ் தன் சந்திப்புகளை ஒலித்தட்டுகளில் பதிந்து மாணவர்களோடு வரிவரியாகக் கேட்டு ஆராய்ந்தார். நல்ல மனம் இருக்கிறது என்று நம்பிவிடாமல், உண்மையில் என்ன பேசினோம் என்று இன்னொருவர் முன்னால் வைத்துப் பார்த்தார்.

அதனால் எந்தப் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: நீங்கள் வேலை செய்வதை யார் பார்க்கப்போகிறார்கள்? யார் திருத்தப்போகிறார்கள்?

பன்னிரண்டு வாரக் காணொளி

அந்தக் கேள்விக்கு இந்தப் படிப்பில் விடை இல்லை. அதனால் அண்ணன் பணத்தை இதில் போடவேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. அறிமுகமாகப் பார்க்கலாம், சில சொற்களும் கருத்துகளும் பழக்கமாகும். தொழில் தகுதியாக அதை எண்ணக்கூடாது.

பிரித்தானியாவிலிருந்து வருகிறதென்றால் அங்கே எல்லாம் அரசாங்கப் பதிவோடு இருக்கும் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அங்கேயும் ‘உளவளத்துணையாளர்’ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. யாரும் தன்னை அப்படி அழைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியைத் தொழில்சார் சங்கங்கள்தான் நிரப்புகின்றன. அவற்றில் பெரியது பி.ஏ.சி.பி. எனப்படும் பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம். அங்கே ஒருவர் வழக்கமாகப் போகும் பாதை இது: சில வார அறிமுக வகுப்பு, பிறகு அடிப்படைத் திறன்களுக்கான சான்றிதழ், அதற்குப் பிறகுதான் டிப்ளோமா அல்லது பட்டம். தொழில் பயிற்சி என்று அந்தச் சங்கம் ஏற்பதற்கு முழுநேரமாக ஒரு வருடமோ பகுதிநேரமாக இரண்டு வருடமோ ஆசிரியரோடு இருந்து படித்திருக்கவேண்டும். படிப்பின் பகுதியாகவே, உண்மையான துணைநாடிகளோடு, அதாவது உதவி தேடி வருபவர்களோடு, மேற்பார்வையின் கீழ் குறைந்தது 100 மணிநேரக் களப்பயிற்சி முடித்திருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற உறுப்பினர் என்ற அடுத்த படிக்கு 450 மணிநேரம் கேட்கிறார்கள். எத்தனை வருட அனுபவம் வந்தாலும் மேற்பார்வையாளரிடம் போவது நிற்பதில்லை. மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணிநேரம் என்பது அங்கீகாரம் பெற்றவர்களுக்கும் உள்ள நியதி. மானிடவாதப் படிப்புகள் பலவற்றில் மாணவரே ஒரு துணையாளரிடம் துணைநாடியாகப் போகவேண்டும் என்ற விதியும் இருக்கும்.

இந்த அளவுகோலை உங்கள் விளம்பரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணனிடம் சொல்லி அந்த நிறுவனத்துக்கு மூன்று கேள்விகளை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்: களப்பயிற்சி எத்தனை மணிநேரம், எங்கே? மேற்பார்வையாளர் யார், அவருக்குத் தமிழ் தெரியுமா? எந்தத் தொழில்சார் சங்கம் இந்தப் படிப்பை உறுப்புரிமைக்கு ஏற்கிறது? மூன்றாவது கேள்விக்கு ‘சர்வதேச அங்கீகாரம்’ என்று பொதுவாக மறுமொழி வந்தால் விட்டுவிடுங்கள்.

இணையவழி என்பதற்காக நான் மறுக்கவில்லை. ஆசிரியரும் மாணவரும் நேரலையில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகும் வகுப்புகள் இருக்கின்றன. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் போய் வருகிற சிரமம் எனக்குத் தெரியும். பயிற்சியின் ஒரு பகுதி திரையில் நடந்தால் நல்லதுதான். களப்பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாமல் வெறும் காணொளி மட்டும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இங்கே உள்ள பாதைகள்

உளவியல் பட்டம் கட்டாயமில்லை. இரண்டு தொழில்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி வருகிறது. மருத்துவ உளவியலாளர் என்பது வேறு. அதற்கு உளவியல் பட்டத்துக்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் முதுதத்துவமாணி (எம்.பில்.) படிப்புப் போன்ற உயர்பயிற்சியும் இலங்கை மருத்துவ சபையின் பதிவும் வேண்டும். உளவளத்துணையாளருக்கு அப்படிச் சட்டம் கட்டாயப்படுத்தும் பதிவு நம் நாட்டில் இல்லை. இதைச் சுதந்திரம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிய கவலை. தடுக்க யாருமில்லாத இடத்தில் நம்மை நாமே கட்டுப்படுத்தவேண்டியிருக்கிறது.

தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் உங்களுக்கு நல்ல தொடக்கமாக இருக்கும். 1992-ன் 41-ம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச நிறுவனம், சீதுவையில் இருக்கிறது. உளவளத்துணை டிப்ளோமா நடத்துகிறார்கள். தமிழ்மொழி மூல வகுப்பு எந்தத் தொகுதியில் தொடங்குகிறது, களப்பயிற்சியை உங்கள் மாவட்டத்திலேயே செய்யலாமா என்று விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள். அந்த டிப்ளோமா முழுக்க மானிடவாதமாக இருக்காது, வேறு அணுகுமுறைகளும் வரும். அது நல்லதே. ரொஜர்ஸை மட்டும் படித்துவிட்டுக் குடிப்பழக்கத்தோடு வரும் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலிருந்து தமிழில் உளவளத்துணைப் பணியும் பயிற்சியும் செய்துவருகிறது. போரும் இடப்பெயர்வும் கண்ட மக்களோடு, நம் மொழியிலேயே வளர்ந்த அனுபவம் அது. திருகோணமலைக்கு அது பக்கத்தில் இல்லைதான், ஆனால் விசாரித்துப் பார்க்கலாம்.

தனியார் நிறுவனம் எதையாவது யாராவது சிபாரிசு செய்தால், மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனமும் பாடநெறியும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். இலங்கை தேசிய உளவளத்துணையாளர் சங்கம் உறுப்புரிமைக்கு என்ன கேட்கிறது என்பதையும் படிப்பில் சேரும் முன்பே அறிந்துகொண்டால், முடித்த பிறகு ஏமாற்றம் இருக்காது.

இதற்கெல்லாம் முதல், செலவில்லாத ஒரு காரியம். உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேட்டு, நேரம் வாங்கிப் போய்ப் பேசுங்கள். அவருடைய மேசைக்கு எப்படிப்பட்ட பிரச்சினைகள் வருகின்றன, எதை அவர் தானே பார்க்கிறார், எதை வைத்தியசாலைக்கு அனுப்புகிறார் என்று கேளுங்கள். இந்த வேலை நாளாந்தம் எப்படி இருக்கும் என்பது விளம்பரங்களைவிட அந்த ஒரு மணிநேரத்தில் நன்றாக விளங்கும்.

உங்கள் கையில் உள்ள ஐந்து நாள் சான்றிதழைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பதறியிருப்பவரை அமைதிப்படுத்த, தேவையான உதவியோடு இணைத்துவிட அது உதவும். ஆழிப்பேரலைக்குப் பிறகு கிழக்குக் கடலோரம் முழுக்க இப்படிப்பட்ட பயிற்சிகள் மழைபோல் வந்தன. சில இடங்களில் கூடாரம் கூடாரமாகப் போய் நடந்ததையெல்லாம் உடனே சொல்லவைத்தார்கள். அப்படி ஒரே அமர்வில் கிளறுவது உதவுவதில்லை, தீங்கும் செய்யலாம் என்பதை 2007-ல் வெளியான சர்வதேச அவசரகால உளசமூக வழிகாட்டல்கள் தெளிவாக எழுதிவைத்திருக்கின்றன. முகாமில் உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த அக்கா சரியானதைத்தான் செய்திருக்கிறார்.

நம் சனத்துக்குச் சரிவருமா?

“என்ன செய்யிறது எண்டு நீங்கதான் சொல்லுங்கோ” என்று கேட்கும் மக்களிடம் பேசாமல் இருந்தால் அலட்சியம் என்று நினைப்பார்களே என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான பயம். ஆனால் இந்த அணுகுமுறை பேசாமல் இருப்பதைச் சொல்லவில்லை. 1990 இலக்க அம்புலன்ஸ் பற்றியோ, பிள்ளைப் பராமரிப்பு வழக்கு பற்றியோ ஒருவர் கேட்டால் தகவலைச் சொல்லிவிடுங்கள், அது புத்திமதி அல்ல. கணவனை விட்டுப் போகவா இருக்கவா என்று கேட்டால் அந்த முடிவை அவர் கையிலிருந்து பறிக்காதீர்கள். நாளை அந்த முடிவோடு வாழப்போகிறவர் அவர்தான், நீங்களல்ல.

மேற்கத்தேயப் புத்தகங்கள் தனிமனிதரைத்தான் மையத்தில் வைக்கின்றன என்ற உங்கள் சந்தேகம் சரியானது. நம் ஊரில் ஒருவரின் துயரத்துக்குள் மாமியார், பேரப்பிள்ளை, காணி, கோயில் எல்லாம் இருக்கும். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரும் பேரழிவும் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்று தொடர்ந்து எழுதிவந்திருக்கிறார். 2006-ல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தோடு பேசிப்பார்த்தால் அது உடனே புரியும். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக இன்றும் ஒரு தட்டு எடுத்துவைக்கும் தாயிடம், “ஏற்றுக்கொள்ளுங்கள், அவர் இனி வரமாட்டார்” என்று சொல்ல எந்தப் பாடநூலும் உங்களுக்கு அதிகாரம் தரவில்லை. நம்பிக்கையும் துக்கமும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருக்கட்டும் என்று விட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கத் தெரியவேண்டும். நிபந்தனையற்ற ஏற்பு என்ற பெரிய சொல்லுக்கு நம் மண்ணில் இதுதான் பொருள் என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் முன்பள்ளி ஆசிரியை என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து, போரில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வரவழைத்தார்கள். வர்ணம், களிமண், கதை, பாட்டு, விளையாட்டு. நடந்ததைச் சொல்லு என்று பிள்ளையை நெருக்காமல், அது தானாக வெளிவர இடம் கொடுத்தார்கள். கிண்ணியா, மூதூர், குச்சவெளி எனத் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் நம் மாவட்டத்துக்கு அந்த முன்மாதிரி மிகப் பொருத்தம். சிறுவரோடு செய்யும் பணியை உங்கள் சிறப்புத் துறையாக யோசித்துப் பாருங்கள். சிங்களம் கொஞ்சம் தெரிந்திருந்தால் இன்னும் பலருக்குத் துணையாக இருக்கலாம்.

தம்பியின் இழப்பு

“நான் பட்டதாலே மற்றவர்கள் படுவது எனக்கு விளங்கும்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. பட்டவருக்கு ஈரம் இருக்கும். ஆனால் கடலில் பிள்ளையை இழந்த இன்னொரு தாய் உங்கள் முன்னால் இருக்கும்போது, நீங்கள் கேட்பது அவருடைய கதையா உங்கள் தம்பியின் கதையா என்று பிரித்தறிய வேண்டியிருக்கும். அவர் அழாமல் இருந்தால், ‘ஏன் இவர் அழவில்லை’ என்று உங்களுக்குக் கோபம்கூட வரலாம். அவருடைய துக்கம் வேறு வடிவம். மானிடவாதப் பயிற்சியில் மாணவரே துணைநாடியாகப் போகவேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். எட்டுப் பக்கக் கடிதத்தில் தம்பியைப் பற்றி மூன்றே வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று வரியை ஆறுதலாக இருந்து சொல்ல உங்களுக்கும் ஒரு இடம் வேண்டும். படிப்புத் தொடங்கும் வரை காத்திருக்கவேண்டாம்.

கணவர் சொல்வதையும் எதிர்ப்பு என்று தள்ளிவிடாதீர்கள். எந்த நேரத்திலும் யாரும் வந்து அழலாம் என்ற நிலையில் வீடு இருந்தால் அவர் சொல்வதுதான் நடக்கும். வீடும் வேலையும் வேறுவேறாக இருக்கும், நேரம் குறிக்கப்பட்டிருக்கும், பாரத்தை இறக்கிவைக்க மேற்பார்வையாளர் இருப்பார் என்று விளக்கிப் பாருங்கள்.

பலகையும் கட்டணமும்

இப்போது வேண்டாம். சட்டம் தடுக்காது என்பது உண்மை. ஆனால் பலகையைப் பார்த்து வருபவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. அதில் உள்ள சொல்லைத்தான் அவர் நம்பி வருவார். குரல்கள் கேட்கிறது என்று ஒருவர் வரலாம், அடி வாங்கிய பெண் வரலாம், அவரைத் தேடிக் கணவனும் பின்னால் வரலாம். வீட்டு முன்னறையில் உங்கள் பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருப்பார்கள். அதோடு சின்ன ஊர். காலையில் உங்களிடம் அழுதவரை மாலையில் பத்திரகாளி அம்மன் கோயில் வீதியில் சந்திப்பீர்கள். அவராக வந்து கதைத்தால் தவிர நீங்கள் முந்திக்கொண்டு எதையும் கேட்கக்கூடாது. சொந்தக்காரருக்கும் நெருங்கிய சிநேகிதிக்கும் துணையாளராக இருக்கவே முடியாது, இன்னொருவரிடம் அனுப்பிவிடவேண்டும். இதையெல்லாம் களப்பயிற்சிக் காலத்தில் ஒரு நிறுவனத்தின் கூரைக்குக் கீழே, கட்டணம் இல்லாமல், மேற்பார்வையோடு பழகுவதுதான் பாதுகாப்பு. உங்களுக்கும், வருபவருக்கும்.

படித்து முடித்து மேற்பார்வையும் ஒழுங்கானபின் கட்டணம் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊர்ச் சேவைக்குக் காசா என்று கேட்பார்கள். முன்கூட்டியே சொன்ன, இயலாதவருக்குக் குறைக்கக்கூடிய கட்டணம் நேர்மையானது. இப்போதைக்கு முன்பள்ளி வேலையை விடவேண்டாம். இந்தத் தொழிலில் வருமானம் மெதுவாகத்தான் வரும், தொடக்க வருடங்களில் செலவே அதிகம்.

அண்ணனுக்கு எழுதும்போது மறுப்பாக எழுதாதீர்கள். அவர் கட்ட நினைத்த அதே தொகை இங்கே டிப்ளோமாக் கட்டணத்துக்கும், சீதுவைக்குப் போய்வரும் செலவுக்கும், பிறகு மாதாமாதம் மேற்பார்வையாளருக்குக் கொடுக்கவும் தேவைப்படும் என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள். ஒரே தடவையில் கட்டாமல் இரண்டு வருடத்துக்குப் பிரித்து அனுப்பினால் உங்களுக்கு வசதி, அவருக்கும் பாரம் குறைவு. விண்ணப்பப் படிவம் கைக்கு வந்ததும், களப்பயிற்சி பற்றிய பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.